பல் டாக்டரின் ஜீப்பும் மஞ்சள் வாத்தும்

1

மனித குலத்துக்கு ஓர் அறிவிப்பு. நெருப்பைக் கண்டுபிடித்தோம். சக்கரத்தைக் கண்டுபிடித்தோம். அந்தச் சக்கரத்தைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டு நடுவில் நின்று திருதிருவென்று விழிப்பதையும் நாமேதான் கண்டுபிடித்தோம். அப்படி விழிப்பவர்கள் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற மாபெரும் கேள்விக்கு இறுதி விடை இந்தக் கதையில் இருக்கிறது. உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்கலாம். நிற்பவர்கள் எதையாவது பிடித்துக்கொள்ளவும்.

இவ்வளவு சொன்ன பிறகு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை, நான் வாயைத் திறந்துகொண்டிருந்தபோது என் காதில் விழுந்தது.

ஒரு மோட்டார் பத்திரிகை என்னிடம் கட்டுரை கேட்டிருந்தது. தலைப்பை அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'காட்டுவழியில் தண்ணீரில் சிக்கிய வண்டியின் கோளாறுகளைக் கண்டறிவது எப்படி?' ஆசிரியர் போனில் கறாராகப் பேசினார். "சார், உங்க வழக்கமான கதையெல்லாம் வேணாம். படிக்கிறவன் தண்ணியில நின்னுக்கிட்டே படிப்பான். முதல் வரியிலேயே தண்ணி எவ்வளவு ஆழம்னு சொல்லிடுங்க. மத்ததெல்லாம் அதை வச்சுத்தான்."

சரி என்றேன். அந்த வாரமே கடைவாய்ப்பல் என்னைப் பழிவாங்கியது. பல் டாக்டரிடம் போனேன். வாயில் பஞ்சை அடைத்து, எச்சில் உறிஞ்சும் குழாயை மாட்டிவிட்ட பிறகுதான் அந்த டாக்டர் கதை சொல்லத் தொடங்குவார். எதிர்க்கேள்வி கேட்க முடியாத சபை. எழுந்து போகவும் முடியாது. மேடைப் பேச்சாளர்கள் கனவில்கூடக் காணாத பாக்கியம். அவருடைய ஜீப் ஓடையில் நின்றுபோன கதையை அப்படித்தான் கேட்டேன். ஆகவே இதில் எங்காவது ஓட்டை தெரிந்தால் என் கற்பனையைத் திட்டாதீர்கள். என் தாடையைத் திட்டுங்கள்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'கதிரவன் தன் பொற்கரங்களால் ஓடையைத் தழுவிக்கொண்டிருந்த அந்த இனிய காலையில், கம்பீரமான ஜீப் ஒன்று—'

வேண்டாம். கதிரவன் யாரைத் தழுவினால் நமக்கென்ன?

இரண்டாவது: 'ஜீப் என்பது வெறும் வாகனமல்ல. அது ஒரு—'

வாகனம்தான். பெட்ரோல் ஊற்றினால் ஓடும்.

மூன்றாவது, ஆசிரியர் சொன்னபடி: 'ஓடையில் தண்ணீரின் ஆழம் [பிறகு நிரப்பவும்].'

நான்காவது தொடக்கம் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்கிறேன். நம் பல் டாக்டர் அன்று காலை அங்கேதான் வாயை விட்டு மாட்டிக்கொண்டாள். (மரியாதைக்கு 'அவர்' போட்டால் கதையில் வருகிற எல்லோரும் 'அவர்' ஆகிக் குழம்பிவிடுகிறார்கள். டாக்டர் மன்னிப்பாராக. எனக்கு இன்னும் ஒரு பல் பாக்கி இருக்கிறது.)

மேசையில் மூன்று பேர். பல் டாக்டர். அவள் கணவர், வானிலை அலுவலகத்தில் வேலை. எதையும் அடித்துச் சொல்லிப் பழக்கமில்லாதவர். மூன்றாவது, டாக்டரின் சொந்த அண்ணன். காட்டுவழி வண்டிக் கழகத்தின் தலைவர்; அன்று கழகத்து வண்டிகள் ஓடை தாண்டப் போகிற நாள். கழகத்தில் மட்டுமல்ல, வீட்டிலும் அவரைத் 'தலைவர்' என்றுதான் சொல்கிறார்கள். வேறு பெயரில் கூப்பிட்டால் திரும்புவதில்லை. வெயில் பட்டால் கறுத்துவிடுவோம் என்று முகம், கழுத்து, கை எல்லாம் வெள்ளைக் கிரீமை அள்ளிப் பூசிக்கொண்டு, வெள்ளையடித்த மதில் மாதிரி உட்கார்ந்திருந்தார். தோளில் துண்டு. மடியில் ஒலிபெருக்கி.

"உனக்கு எதுக்கு பாப்பா இந்த ஜீப்பு? கிளினிக் போய்வர ஒரு சின்னக் கார் போதாதா?"

பாப்பாவுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஊரில் பாதிப் பேரின் கடைவாயைப் பார்த்தவள். யாரையும் கேட்காமல், யாரும் வாங்கித் தராமல், அவள் தனக்கென்று வாங்கிய ஒரே பொருள் அந்தப் பழைய பெட்ரோல் ஜீப். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் பார்க்கிறவளுக்கு, கண்ணாடிக்கு வெளியே வெறும் மேடும் பள்ளமும் மட்டும் தெரிவது எவ்வளவு பெரிய நிம்மதி என்று வாய் திறந்து கிடப்பவர்களுக்குப் புரியாது.

"நல்லாத்தானே ஓட்டுறேன்?"

"ஓட்டுறே. அது நின்னுட்டா? கழட்டத் தெரியுமா, மாட்டத் தெரியுமா? நான்தானே ஓடி வரணும்."

அங்கேதான் அவளுக்குச் சுருக்கென்று ஏறியது. "இன்னைக்கு ஒரே ஒரு தடவை என் வண்டியக் கயிறு கட்டி இழுக்க வேண்டி வந்துச்சுன்னா நானே வித்துடறேன். போதுமா?"

தலைவர் ஒலிபெருக்கியை மேசைமேல் வைத்தார். "மாப்பிள்ளை, கேட்டுக்கிட்டீங்களா? நீங்கதான் சாட்சி."

வானிலைக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அப்படிச் சொன்ன மாதிரிதான் இருந்துச்சு மச்சான்."

கயிறு கட்டி இழுபடுவது அந்தக் கழகத்தில் சின்ன விஷயம் இல்லை. இழுபட்ட வண்டியின் முகப்பில், குழந்தைகள் குளியல் தொட்டியில் மிதக்கவிடும் மஞ்சள் ரப்பர் வாத்து ஒன்றைக் கட்டிவிடுவார்கள். ஒரு வருஷத்துக்கு அவிழ்க்கக் கூடாது. கடைவாசலில் நிறுத்தினால் போகிறவன் வருகிறவன் எல்லாம் 'குவாக்' என்பான். அந்தச் சட்டத்தைப் போட்டவர் தலைவர். அவர் வண்டியில் வாத்து ஏறியதே இல்லை. அதன் ரகசியம் ரொம்ப எளிது: எல்லா வண்டியும் தாண்டி, பாதை தெரிந்த பிறகு கடைசியாகத்தான் அவர் ஓடையில் இறங்குவார்.

3

ஓடைக் கரை. டாக்டரின் முறை. பக்கத்து இருக்கையில் வானிலைக்காரர். பின்னால் கரையில் தலைவர், ஒலிபெருக்கியோடு.

டாக்டர் முதல் கியரில் மெல்ல இறங்கினாள். ஒலிபெருக்கி அலறியது. "வேகமா போ பாப்பா! தண்ணியக் கிழிச்சுக்கிட்டுப் போ! பயந்தா நின்னுடும்!"

எத்தனை வயதானாலும் அண்ணன் குரலுக்குக் கால் தானாக அழுத்துகிறது. அழுத்தினாள். முன்னால் அலை எழும்பியது. பானெட்டுக்குள் ஏதோ பளார் பளாரென்று அறைந்தது. ஓடையின் நட்டநடுவில் ஜீப் ஒருமுறை இருமி, இன்னொருமுறை செருமி, நின்றுவிட்டது.

(ஆழம்தானே? வருகிறேன். அவசரப்பட்டால் கதை கெட்டுவிடும்.)

"திருப்பு! சாவியத் திருப்பு! விடாம திருப்பு!" என்றது கரை.

டாக்டர் சாவியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இந்த இடத்தைக் கட்டுரையாளனாகக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எஞ்சினின் வேலை காற்றை நசுக்குவது. காற்று நசுங்கிக் கொடுக்கும். தண்ணீர் கொடுக்காது. உள்ளே தண்ணீர் போயிருக்கும்போது சாவியைத் திருப்பினால், நசுங்காத தண்ணீரோடு மல்லுக்கட்டி உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு வளைந்துவிடும். வளைந்தால் முடிந்தது கதை. வண்டிக் கதையும், என் கதையும். வலிக்கிற பல்லை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் டாக்டரிடம் வருகிறவர்கள் செய்வதும் இதுதான்.

"என்னங்க, தண்ணி எதுவரைக்கும் ஏறுச்சு?" என்று பக்கத்தில் கேட்டாள். உட்கார்ந்தவுடன் 'எப்போலேர்ந்து வலி?' என்று கேட்கிற அதே குரல்.

"இடத்துக்கு இடம் மாறுபடலாம்" என்றார் வானிலைக்காரர்.

"நெஞ்சளவு!" என்றது ஒலிபெருக்கி.

"இடுப்பு இருக்கும்" என்றார் தாண்டி அக்கரையில் நின்ற ஓர் உறுப்பினர்.

டாக்டர் யாரையும் நம்பவில்லை. இறங்கினாள், ஜீப்பைச் சுற்றி வந்தாள், சக்கரத்திலும் கதவிலும் ஈரம் ஏறிய கோட்டைத் தானே பார்த்தாள். பார்த்ததை எனக்கும் சொன்னாள். அந்த நேரம் பார்த்து என் வாயிலிருந்த குழாய் 'ஸ்ஸ்ஸ்ர்ர்' என்று உறிஞ்சியது. எனக்குக் கேட்கவில்லை.

4

தலைவர் சும்மா இருப்பாரா? கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு வீரத்தோடு ஓடையில் இறங்கினார். பானெட்டைத் திறந்தார். எண்ணெய் அளக்கும் குச்சியை உருவி, தோள் துண்டால் சர்ரென்று துடைத்து, திரும்ப உள்ளே விட்டு, வெளியே எடுத்து, வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

குச்சியில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு.

ஓர் அடி தூரத்தில் நின்ற தங்கைக்கு ஒலிபெருக்கியிலேயே அறிவித்தார்: "பால்! பாலாயிருக்கு பார்! ஆயில்ல தண்ணி கலந்தாச்சு. எஞ்சின் போச்சு. உறுப்பினர்களே, கயிற எடுங்க!"

சும்மா சொல்லக் கூடாது, தலைவர் சொன்ன விதி சரியான விதி. எஞ்சின் ஆயிலில் தண்ணீர் கலந்தால் பால் ஊற்றிய மாதிரிதான் வெளுக்கும். எந்தப் புத்தகத்திலும் இருக்கிறது. நானும் என் கட்டுரைக்குக் குறித்து வைத்திருந்தேன்.

டாக்டர் குச்சியைப் பார்த்தாள். காலையில் விட்ட வார்த்தை காதுக்குள் ஒலித்தது. வாத்து கிடக்கட்டும், ஒரு வருஷம் குவாக் கேட்டுக்கொள்ளலாம். ஜீப் போய்விடும். நாளை காலையிலிருந்து சின்னக் கார், கிளினிக், வீடு, கிளினிக். அக்கரையில் இழுவைக் கயிற்றின் கொக்கி சிணுங்கிக்கொண்டு அவிழ்ந்தது. வானிலைக்காரர் தொப்பியைக் கழற்றினார். வியர்வைக்காகவா, துக்கத்துக்காகவா என்று அவரும் அடித்துச் சொல்லவில்லை.

இங்கே எழுத்தாளனுக்கு ஒரு சபலம் வரும். எனக்கும் வந்தது. 'அப்போது அந்த வழியாக, கையில் கோலோடு, படிப்பறிவில்லாத ஓர் ஆடு மேய்ப்பவர்—'

எழுதியேவிட்டேன். ஒரு பத்தி முழுக்க. கோலால் எஞ்சினை ஒரு தட்டுத் தட்டினார். எல்லோரும் வெட்கித் தலைகுனிந்தார்கள். பிறகு அவரை மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டேன். பாவம், எத்தனை கதைகளுக்குத்தான் அந்த மனுஷன் நடந்து வருவார்? ஆடுகளை யார் பார்ப்பது?

ஆகவே உதவிக்கு யாரும் வரவில்லை. டாக்டர் இருக்கிறாள். ஜீப்பின் பின்னால், பள்ளிக்கூடங்களில் இலவசப் பல் பரிசோதனைக்கு எடுத்துப்போகும் அவள் பெட்டி இருக்கிறது.

5

நெற்றியில் விளக்கை மாட்டினாள். கையுறை போட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் கைக்குப் பழகிப்போன ஒரு முறை உண்டு: இன்னொருவர் 'இந்தப் பல்தான்' என்று காட்டுகிற பல்லை அவள் பிடுங்கியதே இல்லை. தானே ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்த பிறகுதான் குறடு.

"அண்ணா, அந்தத் துண்டக் குடுங்க."

"எதுக்கு பாப்பா, நேரம்—"

"குடுங்கண்ணா."

துண்டை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு குச்சியை. பிறகு அண்ணன் கன்னத்தின் பக்கம் குனிந்து ஒருமுறை மூச்சை இழுத்தாள். தலைவர் ஓர் அடி பின்வாங்கினார்.

"எஞ்சின் ஆயில் ரோஜாப்பூ வாசனை அடிக்குமா அண்ணா?"

"என்னது?"

"காலையிலேர்ந்து இந்தத் துண்டுலதான் மூஞ்சியத் துடைக்கிறீங்க. இது பால் இல்ல. உங்க கிரீம்."

அக்கரையில் ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்து, அது மூக்கு வழியாக வந்துவிட்டது. டாக்டர் குச்சியைச் சுத்தமான துணியால் துடைத்தாள், விட்டாள், எடுத்தாள். கறுத்த தேன் நிறத்தில், கலங்கலே இல்லாமல் எண்ணெய் வழிந்தது.

"ஆயில் சுத்தம்" என்றாள். ஆனால் சிரிக்கவில்லை. ஒரு பல் நன்றாக இருந்தால் பக்கத்துப் பல்லும் நன்றாக இருக்கும் என்று எந்த வாயும் அவளுக்கு வாக்குக் கொடுத்ததில்லை.

அடுத்து, எஞ்சின் மூச்சிழுக்கிற வழி. காற்று வடிகட்டியின் பெட்டியைத் திறந்தாள். வடிகட்டி நனைந்திருந்தால் தண்ணீர் தொண்டைக்குள் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். விரலை வைத்தாள். பழைய தூசிகூட அப்படியே பொடிபொடியாக ஒட்டியது. நீளக் காம்புள்ள சின்னக் கண்ணாடி, அதுதான், நம் பல்லுக்குப் பின்புறத்தை நமக்கே தெரியாமல் பார்க்குமே, அதைக் குழாய்க்குள் விட்டுப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை.

அப்படியும் சாவியைத் தொடவில்லை. ஸ்பார்க் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கழற்றும்போது இடது கை தன்னிச்சையாக பானெட்டின் விளிம்பைத் தட்டிக்கொடுத்தது. 'அவ்ளோதான், அவ்ளோதான், முடிஞ்சுது' என்று முனகியதாக அவளே சொன்னாள். நான்கும் உலர்ந்திருந்தன. பிளக் இல்லாத ஓட்டைகள் திறந்திருக்க, இப்போதுதான் முதல்முறையாகச் சாவியைத் திருப்பினாள். உள்ளே தண்ணீர் இருந்தால் அந்த ஓட்டைகள் வழியே பீச்சியடிக்கும், தண்டு வளையாது. வெறும் காற்றுதான் புஸ் புஸ்ஸென்று வந்தது. எஞ்சின் வழுக்கிக்கொண்டு சுற்றியது.

"உயிர் இருக்கு!" என்றாள். அப்போதுதான் முதல் தடவை சிரித்தாள்.

"அப்ப ஏன் நின்னுச்சாம்?" என்றார் தலைவர். ஒலிபெருக்கியை அணைக்க மறந்திருந்தார். கேள்வி எதிர்ப்பக்கத்து மரங்களில் பட்டுத் திரும்பி வந்தது.

"பொறி வரல. ஏன் வரலன்னு பாக்கறேன்."

பொறியைப் பிளக்குகளுக்குப் பங்குபோட்டுக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு மூடிக்குள் இருக்கிறது. மூடியைக் கழற்றித் திருப்பினாள். உள்ளே பொட்டுப் பொட்டாக ஈரம், வாய் கொப்பளித்துத் துப்பிய பின் அண்ணத்தில் நிற்பது போல.

"இதோ. வேகமா வந்ததுல எஞ்சின் விசிறி தண்ணிய வாரி மேல அடிச்சிருக்கு."

"வேகமா வரச் சொன்னது யாரு?" என்றது அக்கரை. அந்தக் குரல் யாருடையது என்று டாக்டருக்குத் தெரியும். எனக்குச் சொல்லவில்லை. மருத்துவ ரகசியம்.

"ஊதட்டுமா?" என்று வானிலைக்காரர் மூடியிடம் குனிந்தார்.

"வேணாங்க, உங்க மூச்சுல ஈரம் இருக்கும்."

"ஆமா, ஈரப்பதம் அதிகமாத்தான் இருக்கும்." அன்று அவர் அடித்துச் சொன்ன முதல் வாக்கியம் அது.

பஞ்சுச் சுருள்களை எடுத்தாள். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே வைக்கிற அதே சுருள். மூடியின் ஒவ்வொரு மடிப்பிலும் வைத்து ஒற்றினாள். வயர்களின் முனைகளைத் துடைத்தாள். சின்னக் கண்ணாடியைச் சுற்றவிட்டு எங்காவது பளபளக்கிறதா என்று பார்த்தாள். எல்லாவற்றையும் திரும்ப மாட்டினாள்.

6

அதற்குள் கொக்கி ஜீப்பின் மூக்குவரை வந்துவிட்டது. "போதும் பாப்பா, ஆசைக்குப் பார்த்தாச்சு. கட்டுங்கப்பா" என்றார் தலைவர்.

டாக்டர் நெற்றி விளக்கோடு திரும்பினாள். கொக்கியைப் பிடித்திருந்த உறுப்பினருக்குக் கண் கூசியது.

"கட்டுங்க. ஆனா அடுத்த தடவை பல்லுக்கு வரும்போது மரத்துப்போற ஊசி கிடையாது. யாருக்கும்."

கழகத்தின் அத்தனை வாய்களும் அவளுடைய வாய்கள் என்பதைத் தலைவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கொக்கி தண்ணீரில் விழுந்தது. அதைத் தேடுகிற சாக்கில் அந்த உறுப்பினர் வெகுதூரம் போய்விட்டார்.

ஏறி உட்கார்ந்தாள். சாவியைப் போட்டாள்.

"ஆகுமாங்க?"

கணவர் அவளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், திரும்ப அவளைப் பார்த்தார். "ஆகும்" என்றார்.

திருப்பினாள். இருமல். ஒன்றுமில்லை. மறுபடி திருப்பினாள். இருமல், ஒரு தும்மல், பின்னால் குழாயிலிருந்து வெள்ளையாக ஒரு பந்து ஆவி, அப்புறம்—

(இங்கே ஒரு நல்ல உவமை வேண்டும். சிங்கம் கர்ஜித்தது? இடி இடித்தது? பழைய பெட்ரோல் ஜீப் சத்தம் போடுவது போலவே சத்தம் போட்டது. அதைவிட அழகான சத்தம் அன்று அந்த ஓடையில் யாருக்கும் தேவைப்படவில்லை.)

"வேகமா!" என்று பழக்கதோஷத்தில் தொடங்கியது ஒலிபெருக்கி.

"அண்ணா, கொஞ்சம் வாய மூடுங்க" என்றாள் டாக்டர். வாழ்நாள் முழுக்க மற்றவர்களிடம் 'வாயைத் திறங்க' என்று மட்டுமே சொல்லிவந்தவள்.

நான்கு சக்கரத்துக்கும் விசை, ஆகக் குறைந்த கியர், நத்தை நடை. முன்னால் ஒரு சின்ன அலை மட்டும் அடக்க ஒடுக்கமாக வழிவிட்டுப் போனது. முன்சக்கரம் கரையைத் தொட்டது, சறுக்கியது, கவ்வியது. மூக்கு மேலே எழும்பியது. சேற்றை வாரி இறைத்துக்கொண்டு, யார் கையும் படாமல், எந்தக் கயிறும் இல்லாமல், ஜீப் அக்கரை ஏறி நின்றது. உறுப்பினர்கள் விசில் அடித்தார்கள்; பல் கட்டியவர்கள் கை தட்டினார்கள். வானிலைக்காரர் தொப்பியைத் தூக்கி எறிந்தார். அது எங்கே விழும் என்று அவரால் கணிக்க முடியவில்லை. ஓடையில் விழுந்தது.

டாக்டர் நிறுத்தவில்லை. நனைந்த பிரேக் காயட்டும் என்று அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டே மேட்டில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். பிரேக்குக்கு ஒரு சுற்றே போதும் என்று எனக்குத் தெரியும். இரண்டாவது சுற்று எதற்கு என்று உங்களுக்கும் தெரியும்.

7

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் அந்தக் கரையில் இன்னும் ஒரு வண்டி பாக்கி. தலைவருடையது. எப்போதும் போல, கடைசி. ஒலிபெருக்கியில் கடைசியாக ஒன்று சொல்லிவிட்டுத்தான் ஏறினார்: "நான் வேகமாப் போகச் சொன்னதாலதான் பாதி ஓடையாவது தாண்டுச்சு! இப்ப பாருங்க, எப்படித் தாண்டறதுன்னு!"

இனி முடிவுகள்.

அ) தலைவர் வேகமாக வருகிறார். நடுவில் நிற்கிறார். தங்கை திரும்பி வந்து, அதே கயிற்றால்— இது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.

ஆ) தலைவர் வேகமாக வருகிறார். ஒன்றும் ஆகாமல் தாண்டிவிடுகிறார். வாழ்க்கை பெரும்பாலும் இப்படித்தான். அதற்காகத்தான் கதை எழுதுகிறோம்.

இ) யாரும் பார்க்காத நேரம் பார்த்து, முதல் கியரில், நத்தை மாதிரி வருகிறார். வந்து சேர்ந்ததும் 'இதான் என் பழைய டெக்னிக்' என்கிறார்.

எது நடந்தது என்று டாக்டர் சொல்லத்தான் வாயெடுத்தாள். அந்தக் கணம் பார்த்து என் பல்லில் வேலை முடிந்துவிட்டது. 'அவ்ளோதான், அவ்ளோதான்' என்று கன்னத்தைத் தட்டிவிட்டு அடுத்த ஆளுக்கான பெட்டியைத் திறந்தாள். ஜன்னலுக்கு வெளியே அவள் ஜீப் நின்றது. முகப்பில் வெறும் காய்ந்த சேறு. வாத்து இல்லை. தலைவர் வண்டி எங்கேயோ, அதன் முகப்பில் என்னவோ. அந்த மஞ்சள் வாத்தை உங்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். எங்கே கட்டத் தோன்றுகிறதோ கட்டிக்கொள்ளுங்கள்.

எனக்குக் கட்டுரை பாக்கி இருந்தது. ஆசிரியர் கேட்ட அந்த முதல் வரி. எழுந்து வாய் கொப்பளித்தேன். பாதி உதடு மரத்திருந்தது. துப்பிவிட்டு, அன்று முதல்முறையாக ஒரு கேள்வி கேட்டேன்.

"டாக்டர், அந்த ஓடையில தண்ணி எவ்வளவு ஆழம்?"

டாக்டர் கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டாள்.

"முழங்கால் அளவு" என்றாள்.